மருத்துவம் வேண்டாம், விவசாயம் படிக்கிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது?

மண்டூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக எழுதி, பெறுபேறும் வந்துவிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கடந்த ஆண்டுகளில் இருந்த வெட்டுப்புள்ளிகளோடு எனது இசட் புள்ளியை (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கும் தரப்படுத்திய புள்ளியை) ஒப்பிட்டுப் பார்த்தால், மருத்துவ பீடம் கிடைப்பது மிகவும் கடினம் என்று தெரிகிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் பெரும்பாலும் கிடைக்கும். வீட்டில் மூன்றாவது தடவை எழுதுவதைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கிறது. மட்டக்களப்பு நகரில் இரசாயனவியலுக்கு யாருடைய வகுப்புக்குப் போவது, எந்த உறவினர் வீட்டில் தங்குவது என்பது வரை தீர்மானித்துவிட்டார்கள். எனக்கு மருத்துவம் வேண்டாம், விவசாயம் படிக்கவே விருப்பம் என்பதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

அப்பா நவகிரிக் குளத்து நீர் பாயும் வயற் கண்டத்தில், கொஞ்சம் சொந்தக் காணியிலும் மிகுதி குத்தகைக் காணியிலும் நெல் செய்கிறவர். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது அந்தப் பெரும்போகத்தில் எங்கள் விளைச்சல் விழுந்தது. வட்டிக்கு வாங்கிய பணத்தை அடைத்து நிமிர்வதற்குள் அடுத்த போகத்துச் செலவு வந்து நின்றது. அம்மாவின் நகைகள் எனது வகுப்புக் கட்டணத்துக்காக அடகுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போயின. மண்டூர்த் துறையில் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வகுப்புக்குப் போய் வந்த காலம் முழுவதும், மழை நாட்களில் அப்பா துறையடியில் எனக்காகக் காத்து நிற்பார். எங்களைப் படிப்பித்ததே நாங்கள் வயலில் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான். "இந்தச் சேத்துக்க நிக்கிறதுக்கா மனே உன்னப் படிப்பிச்ச நான்?" என்று அவர் கேட்டால், என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தங்கையும் இருக்கிறாள். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லாற்று மாணவன் எழுதியது:

நான் மூன்றாவது தடவையில் மருத்துவ பீடம் கிடைத்தவன். ஆகவே மூன்றாவது தடவை எழுதுவதை வீண் என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது. என்னோடு படிக்கிறவர்களில் பலர் அப்படி வந்தவர்களே. வீட்டில் சொல்வது எப்படி என்பதற்கு முன்னால் தங்கச்சி தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இம்முறை மருத்துவத்துக்குப் போதுமான புள்ளி வந்திருந்தால், இந்தக் கேள்வியை இங்கே எழுதியிருப்பீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள் என்றால், இது விவசாயத்தின் மீதுள்ள விருப்பமா, இன்னொரு வருடம் அதே புத்தகங்களோடு உட்கார முடியாத களைப்பா என்பதைப் பிரித்தறிவது அவசியம். களைப்பு தவறல்ல, ஆனால் களைப்பில் எடுத்த முடிவைப் பெற்றோர் முன்னிலையில் நீண்ட நேரம் காத்து நிற்க முடியாது. அப்பா இரண்டு கேள்வி கேட்டவுடன் உங்கள் குரலே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சம்மாந்துறை வாசகர் எழுதியது:

சகோதரிக்கு ஸலாம். நான் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை நிறுத்தி, குளிரூட்டிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் திருத்தும் தொழிலைப் பயின்று, தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் பெற்றவன். வாப்பா கடை வைத்திருந்தவர். மகன் கணக்காளராக வந்து கழுத்துப் பட்டியோடு வங்கியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் நேரடியாகப் போய்ச் சொல்லவில்லை. முதலில் உம்மாவின் மூத்த சகோதரரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுடைய சொல்லுக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கும் தெரியும், உங்கள் குடும்பங்களிலும் அப்படித்தானே. மாமா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தார். வாப்பா என் மீது பாய்வதற்குப் பதிலாக மாமாவோடு வாதாடினார். வாதாடி முடிந்தபோது பாதிக் கோபம் போயிருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு மாமா இருந்தால் அவரை முன்னால் விடுங்கள் என்பது எனது ஆலோசனை.

மண்டூர் மகள் எழுதியது:

கல்லாற்று அண்ணன் கேட்டதை இரண்டு நாட்களாக யோசித்தேன். புள்ளி வந்திருந்தால் நான் மருத்துவ பீடத்துக்குப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் போகாமல் இருக்கும் துணிவு அப்போது எனக்கு இருந்திருக்காது. ஆனாலும் இது களைப்பு மட்டும் அல்ல.

ஒரு போகத்தில் பயிர் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் இருந்தபோது, எங்கள் வயலில் வட்டம் வட்டமாக நெற்பயிர் மஞ்சளாகிக் கருகத் தொடங்கியது. யூரியா போதவில்லை, இன்னொரு தரம் வீச வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். அப்பா அன்று பின்னேரம் உரக் கடைக்குப் போகத் தயாராக இருந்தார். நான் வரம்பில் குந்தியிருந்து பயிரின் தூரை இரண்டு கைகளாலும் விரித்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு கபில நிறத்தில் அறக்கொட்டியான் என்ற தத்துப்பூச்சி அடர்த்தியாக இருந்தது. மேலே இலையைப் பார்த்து நிற்கிறவருக்கு அது கண்ணில் படாது. நைதரசன் கூடினால் அது இன்னும் பெருகும், நெருக்கமாக விதைத்த இடத்தில் முதலில் வரும் என்று விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்றில் படித்திருந்தேன். யூரியாவை நிறுத்தி, வயலில் நின்ற தண்ணீரை வடிய விட்டோம். கருகிய வட்டங்கள் போனது போனதுதான், மற்றப் பகுதி தப்பியது. இதையே ஏன் முழுமையாகப் படிக்கக் கூடாது என்ற எண்ணம் அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை. உயிரியல் பாடத்தில் நான் விரும்பி வாசித்த பகுதிகளும் தாவரங்களும் பூச்சிகளும் பற்றியவைதான்.

ஆரையம்பதித் தாய் எழுதியது:

மகள், பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருத்தி பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனது மூத்த மகன் பொறியியல் வேண்டாம் என்று சொன்ன இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. என்னைச் சுட்டது அவனுடைய தெரிவு அல்ல. அவன் அதை முதலில் எனது தம்பியிடம் சொல்லி, தம்பி வந்து எனக்குச் சொன்னதுதான். பெற்ற என்னிடம் சொல்ல அவனுக்கு ஏன் பயம், நான் அவ்வளவு கொடியவளா என்ற எண்ணத்தில் அவன் என்ன படிக்க விரும்புகிறான் என்பது காதிலேயே விழவில்லை. ஆகவே சம்மாந்துறைத் தம்பி சொன்ன வழியை நான் ஏற்க மாட்டேன். மாமாவைக் கூப்பிடுவதானால் நீங்கள் சொல்லி முடித்த பிறகு கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு பெற்றோரின் தலைக்குள் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இரண்டு வீடுகள். மூத்தவள் வைத்தியர் ஆனால் அந்தப் பாரத்தில் பாதி குறையும் என்று உங்கள் அப்பா வாய்விட்டுச் சொல்லாமலே நம்பியிருப்பார். யுத்தத்தையும் 2004ஆம் ஆண்டின் கடல்கோளையும் கண்ட தலைமுறை நாங்கள். எது போனாலும் மாதம் முடிய வருகிற அரசாங்கச் சம்பளமும், அதன் பிறகு வருகிற ஓய்வூதியமும் நின்று பிடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால்தான் வைத்தியர் என்ற சொல்லை விட மனம் வருவதில்லை.

கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும், "மூத்தவ என்ன படிக்கிறா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அப்போது எங்களுக்கும் சொல்வதற்கு ஒரு விடை வேண்டும். "மருத்துவம் சரிவரல்ல, அதால விவசாயம்" என்று தலை குனிந்து சொல்ல எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். "கம்பஸில விவசாய விஞ்ஞானம் படிக்கிறா, நாலு வருசப் பட்டம்" என்று நிமிர்ந்து சொல்ல முடியுமானால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த வசனத்தை உங்கள் அம்மாவின் வாயில் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

சம்மாந்துறை வாசகர் எழுதியது:

அக்கா சொல்வதன் நியாயம் விளங்குகிறது. ஆனாலும் எல்லா வீட்டிலும் பிள்ளை நேரே பேசினால் பேச்சு முடியும் வரை கேட்கும் தகப்பன் இருப்பதில்லை. எங்கள் வாப்பாவின் கோபத்தை எதிர்கொண்டு நான் மட்டும் நின்றிருந்தால், அன்றே வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்திருக்கும். எந்த வழி பொருந்தும் என்பதைச் சகோதரிதான் தன் அப்பாவை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மழையில் துறையடியில் நின்ற அப்பா என்று அவர் எழுதியதைப் பார்க்கும்போது, இந்த அப்பாவிடம் நேரே பேசலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது.

காரைதீவான் எழுதியது:

எங்கள் ஊரில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பாதை மாற்றியவர்கள் இந்த மண்ணிலேயே உயர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

நீண்ட காலம் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பித்து, தொழில் வழிகாட்டலையும் கவனித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். காரைதீவுத் தம்பி சொன்னது உண்மை. ஆயினும் குத்தகைக் காணியில் கடன்பட்டு நெல் செய்யும் ஒரு தகப்பனிடம் பெரியவர்களின் வரலாற்றைச் சொல்வதால் பயன் இல்லை. அவருக்கு வேண்டியது அடுத்த நான்கு வருடங்களுக்கான கணக்கு.

முதலில் விதிகளைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். அரச பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரையே உயர்தரப் பரீட்சை கணக்கில் எடுக்கப்படும். அந்தந்த வருடப் பெறுபேற்றைக் கொண்டு அந்தந்தக் கல்வியாண்டுக்கே விண்ணப்பிக்க முடியும். ஆகவே இம்முறை உங்களுக்குக் கிடைக்கக்கூடிய விவசாய பீட இடத்தை விட்டுவிட்டு மூன்றாவது தடவை எழுதி, புள்ளி இதைவிடக் குறைந்தால், இந்தப் பெறுபேற்றை மீண்டும் எடுத்துக் காட்ட முடியாது. உங்கள் பெற்றோர் அநேகமாக இதை அறிந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது தடவையால் நட்டம் எதுவும் இல்லை, ஒரு வருடம் மட்டுமே போகும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள்.

விஞ்ஞானப் பிரிவுக் கற்கைநெறிகளுக்கு இடங்கள் பகிரப்படும் முறையையும் அப்பாவுக்கு விளக்குங்கள். 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். "எங்கட மாவட்டத்துக்குப் புள்ளி குறைவுதானே, அடுத்தமுறை கட்டாயம் வரும்" என்ற நம்பிக்கை இந்த ஒதுக்கீட்டிலிருந்தே பிறக்கிறது. ஆனால் போட்டி மாவட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. உங்களுக்கு எவ்வளவு குறைந்தது என்பதைக் கடந்த சில வருடங்களின் வெட்டுப்புள்ளிகளோடு ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். இலக்கம் பேசும்போது யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

காலமும் முக்கியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் சொன்னால் அது அறிவிப்பாகிவிடும். அவர்கள் கோபப்பட்டு, யோசித்து, இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்து, திரும்பி வருவதற்கு இடம் விட்டுச் சொல்லுங்கள். அறுவடை நேரத்திலோ, கடன்காரர் வந்துபோன நாளிலோ பேச்சை எடுக்க வேண்டாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

படுவான்கரைப் பட்டதாரி எழுதியது:

நான் வந்தாறுமூலையில் விவசாயம் படித்தவள், இப்போது அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன். அப்பாவிடம் சொல்வதற்கு முன்னர் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவற்றை மறைக்காமல் சொல்கிறேன்.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோது இருந்த இரண்டு பீடங்களில் ஒன்று விவசாயம். 1986இல் அது முழுப் பல்கலைக்கழகமாகியது. ஆகவே இது நேற்று வந்த கற்கைநெறி அல்ல. நான்கு வருடப் படிப்பு, போதனை ஆங்கில மொழியில். முதல் வருடத்தில் பலர் திணறுவது பாடத்தால் அல்ல, மொழியால். மண், பயிர், பூச்சி, நோய், கால்நடை, விவசாயப் பொருளியல், நீர்ப்பாசனம் எல்லாம் வரும். செய்முறைக்காகச் சேற்றில் இறங்கவும் வேண்டும். அதே நேரம் நுணுக்குக்காட்டியின் முன்னால் மணிக்கணக்கில் இருக்கவும் வேண்டும். அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்பித்தல் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொல அல்லது மாணவர் உதவித்தொகை கிடைக்கக்கூடும். மண்டூரிலிருந்து நாளாந்தம் போய் வருவது சிரமம், விடுதியோ வாடகை அறையோ தேவைப்படும், அந்தச் செலவை மட்டும் கணக்கில் எழுதுங்கள்.

பட்டம் முடித்தவுடன் நியமனக் கடிதம் வீட்டுக்கு வராது. வைத்தியருக்கு உள்ளதுபோல உறுதியான வழி இதில் இல்லை என்பதை அப்பாவிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், பிறகு வேறு யாராவது சொல்லி அவர் அறிந்தால் உங்கள் மற்றச் சொற்களும் எடுபடாது. இலங்கை விவசாய சேவைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. அது எப்போது வரும் என்று காத்திருக்க நேரலாம். விவசாயத் திணைக்களமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும், கமநலத் துறை, வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவுகள், விதை மற்றும் உரக் கம்பனிகள், பாடசாலை ஆசிரியப் பணி, மேற்படிப்பு என்று வழிகள் பலவாகப் பிரியும். எங்கள் வயல்களில் விதைக்கும் பிஜி இன நெல்லெல்லாம் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டவை. உங்கள் அப்பா வருடா வருடம் வாங்கும் விதை நெல் மூடையின் பின்னால் விவசாயம் படித்தவர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது. அவருக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடையாது.

வயலில் கூலிக்கு நிற்பதும் வயலைப் படித்தவராக நிற்பதும் ஒன்றல்ல என்பதை அவர் தாமே காண்பார் என்று நான் நம்புகிறேன். கமநல சேவை நிலையத்துக்கு வருகிற விவசாயப் போதனாசிரியரை அவர் எப்படி வரவேற்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

கல்லாற்று மாணவன் எழுதியது:

அறக்கொட்டியான் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எனது சந்தேகம் தீர்ந்தது. அதை அப்படியே அப்பாவிடம் நினைவுபடுத்துங்கள், அந்த இடத்தில் அவரும் நின்றிருக்கிறார். மூன்றாவது தடவை எழுதுவதை நான் இனி வற்புறுத்தவில்லை.

மண்டூர் மகள் எழுதியது:

சொல்லிவிட்டேன். இங்கே எழுதிய அனைவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆரையம்பதி அம்மா சொன்னபடி இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி நானே சொன்னேன். ஆசிரியர் ஐயா சொன்ன வெட்டுப்புள்ளித் தாள், படுவான்கரை அக்கா சொன்ன செலவுக் கணக்கு இரண்டையும் எழுதி வைத்திருந்தேன். அம்மா அழுதார். நான் எதிர்பார்த்த அந்தக் கேள்வியை அப்பா கேட்கவில்லை. தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தமுறைப் புள்ளிய அடுத்த வருசம் பாவிக்க ஏலாதா?" என்று மட்டும் கேட்டார். ஏலாது என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த நாள் அவரே களுவாஞ்சிகுடிக்குப் போய், எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் நான் சொன்னது சரியா என்று விசாரித்து வந்திருக்கிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர் விசாரித்தது நல்லதே.

இப்போது ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதல் தெரிவாகப் போட வேண்டும், விவசாயம் அதற்குப் பின்னால் வரட்டும் என்கிறார். புள்ளி எப்படியும் போதாது, அப்பாவின் மனம் ஆறுவதற்காக அப்படிப் போடலாமா? தங்கையின் வீட்டுக் கணக்கு பற்றியும் பேசினோம், அது எங்கள் வீட்டு விடயம் என்பதால் இங்கே எழுதவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

நல்லது மகள். உங்கள் அப்பா நேரில் போய் விசாரித்தது அவர் இதைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டதன் அடையாளம்.

தெரிவு ஒழுங்கை மனம் ஆறுவதற்காக நிரப்பக் கூடாது. வெட்டுப்புள்ளி முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை. அந்த வருடத்தில் விண்ணப்பித்தவர்களின் புள்ளிகளையும் இடங்களின் எண்ணிக்கையையும் கொண்டே அது அமைகிறது. உங்கள் புள்ளி எந்தெந்தக் கற்கைநெறிகளுக்கு எட்டுகிறதோ, அவற்றில் நீங்கள் மேலே எழுதியது எதுவோ அதுவே உங்களுக்கு வழங்கப்படும். ஆகவே மருத்துவத்தை முதலில் எழுதி, எதிர்பாராமல் அது கிடைத்துவிட்டால் விவசாயம் உங்களுக்கு வராது. அப்படி நேர்ந்தால் மருத்துவ பீடத்துக்கு மனதாரப் போவீர்கள் என்றால் அப்பா சொன்னபடி எழுதலாம், அதனால் விவசாய பீட வாய்ப்பு குறையாது. போக மாட்டீர்கள் என்றால் அப்பாவிடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்த பிறகு மாற்றுவதற்கான வழி மிகவும் குறுகியது, ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை மூவரும் சேர்ந்து வாசியுங்கள்.

விவசாயத்தை எழுதும்போதும் கிழக்கை மட்டும் போட்டுவிட்டு நிறுத்த வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது, பேராதனையும் உண்டு. தூரம், விடுதி, செலவு மூன்றையும் வைத்து அவற்றை வரிசைப்படுத்துங்கள். விண்ணப்பத்தை அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது நிரப்பி, சமர்ப்பித்த பின் அதன் பிரதி ஒன்றை அச்சிட்டு அப்பாவின் கையில் கொடுங்கள்.